அமுக்குற பந்தும் அடக்க விலையும்



ஜிஎஸ்டி பத்தி ஒரு கட்டுரை எழுதுறேன்னு போன மாசம் சொல்லியிருந்தேன். அது இன்னும் பாதியில நிக்குது. (அதுக்காக யாரும் சோறு தண்ணி இறங்காம உக்காந்திருக்க மாட்டீங்கன்னு தெரியும்.) அதுக்கு முன்னாடி வேற ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதை எறக்கி வச்சாத்தான் ஜிஎஸ்டி உள்ள வரும்.

விஷயம் பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு பந்து. எலுமிச்சம்பழத்துக்கும் சாத்துக்குடிக்கும் நடுவுல ஒரு சைஸ். மஞ்சள் கலர். சிரிக்கிற மூஞ்சி போட்டிருக்கும். அமுக்கினா அமுங்கும், விட்டா மெதுவா பழைய உருவத்துக்கு வரும். ஸ்டேஷனரி கடையில "ஸ்ட்ரெஸ் பால்"னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. டென்ஷன் குறையும்னு சொல்லி விக்கிறாங்க. குறையுமா குறையாதா? அதைப் பத்தி ஒரு வருஷ அனுபவத்துல எனக்கு ஒரு கருத்து இருக்கு. அதைத்தான் சொல்லப்போறேன்.

என்னோட பந்து காசு குடுத்து வாங்கினது இல்ல. களவாண்டது.

ரெண்டாம் வருஷ ஆரம்பத்துல எங்க காலேஜ்ல ரத்ததான முகாம் போட்டாங்க. சமுதாயத்துக்கு ஏதாவது செய்யணும்ங்கிற வெறியில போனேன்னு சொன்னா என் கூடப் படிக்கிறவனுங்க சிரிப்பானுங்க. ஓடி கிடைக்கும், ரெண்டு பீரியட் அட்டெண்டன்ஸோட தப்பிக்கலாம்னுதான் போனேன். எடை பாத்தாங்க, விரல்ல குத்தி ஹீமோகுளோபின் பாத்தாங்க, படுக்க வச்சாங்க. கையில இந்த மஞ்சள் பந்தைக் குடுத்தாங்க. நான் பயத்துல அதைப் பிடிச்ச பிடியை விடவே இல்ல. சிஸ்டர் வந்து பாத்துட்டு சொன்னாங்க:

"தம்பி, இறுக்கியே வச்சிருக்காதீங்க. அமுக்கி அமுக்கி விடுங்க. விட்டாத்தான் ரத்தம் ஓடும்."

அப்போ அது பெருசா மண்டையில ஏறல. அப்புறமா யோசிச்சா சரியாத்தான் சொல்லியிருக்காங்க. கையை மூடும்போது முன்கைச் சதை இறுகி ரத்தக்குழாயை அழுத்தும், ரத்தம் முன்னாடி போகும். விடும்போது மறுபடி ரத்தம் வந்து நிறையும். மூடியே வச்சிருந்தா பம்பு வேலை செய்யாது. 350 மில்லி குடுத்து முடிச்சு, பிஸ்கட்டும் ஜூஸும் சாப்பிட்டு ரூமுக்கு வந்து பாத்தா பந்து பேண்ட் பாக்கெட்டுக்குள்ள இருக்கு. திருப்பிக் குடுக்கணும்னு நெனச்சேன். நெனச்சதோட சரி.

அன்னையிலிருந்து அது என் மேஜைவாசி.

முதல்ல பந்துக்கு ஆதரவா பேசிடுறேன். "இதெல்லாம் சும்மா ஏமாத்து வேலை, ரப்பர் உருண்டைக்கு அம்பது ரூபாயா"ன்னு சொல்ற கோஷ்டி ஒண்ணு எங்க வகுப்புலயே இருக்கு. முதல்ல அது ரப்பர் இல்ல. பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை. 1937-ல ஜெர்மனியில ஓட்டோ பேயர்னு ஒரு வேதியியலாளரும் அவர் கூட இருந்தவங்களும் கண்டுபிடிச்ச பொருளோட வாரிசு. ரெண்டு திரவத்தைக் கலந்தா உள்ளுக்குள்ள வாயு உண்டாகி இட்லி மாவு மாதிரி பொங்கும். பொங்கினது அப்படியே இறுகிட்டா கோடிக்கணக்குல குட்டிக் குட்டி அறை உள்ள நுரை. மெத்தை, சோபா, பஸ் சீட்டு எல்லாம் இதே குடும்பம்தான். நாம அமுக்கும்போது அந்த அறைகள் நசுங்குது, விட்டா விரியுது. அமுக்கி அமுக்கி அறைச் சுவர் கொஞ்சம் கொஞ்சமா கிழியும், பந்து தொளதொளன்னு ஆயிடும். (தேய்மானம்! நேர்க்கோட்டு முறையா, குறைந்து செல் மதிப்பு முறையான்னு கேக்காதீங்க. எஞ்சிய மதிப்பு மட்டும் பூஜ்யம்னு உறுதியா சொல்வேன்.)

ரெண்டாவது, கைக்கு வேலை குடுத்தா மனசு கொஞ்சம் அடங்குறது புதுசு இல்ல. எங்க அப்பத்தா வெத்தலை இடிக்கிற உரலை எடுத்துட்டா அவங்களை யாரும் நெருங்க மாட்டோம். பத்து நிமிஷம் டொக்கு டொக்குன்னு இடிச்சு முடிச்சதும் மூஞ்சி தெளிஞ்சிருக்கும். அம்மாவுக்கு சப்பாத்தி மாவு. அப்பாகூட ஏதாவது வாக்குவாதம் வந்த அன்னைக்கு எங்க வீட்டுல சப்பாத்தி பஞ்சு மாதிரி இருக்கும்.

மூணாவது, மருத்துவத்துலயும் இதுக்கு இடம் இருக்கு. கை எலும்பு முறிஞ்சு கட்டுப் பிரிச்சவங்களுக்கு, பக்கவாதம் வந்து கை பலம் குறைஞ்சவங்களுக்கு பிசியோதெரபியில பந்து அமுக்கச் சொல்லுவாங்க. டயாலிசிஸுக்காக கையில ஃபிஸ்டுலா ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களையும் பந்தை அமுக்கி அமுக்கி விடச் சொல்லுவாங்க, ரத்தக்குழாய் நல்லா விரியணும்னு. டென்ஷன் விஷயத்துக்கு வந்தா, அமெரிக்காவுல எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு மருத்துவர் 1929-லயே தசைத் தளர்வு பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதுலேர்ந்து வந்த பயிற்சியைத்தான் இன்னைக்கும் பல இடத்துல சொல்லிக் குடுக்குறாங்க. ஒரு தசையை இறுக்கு, அப்புறம் விடு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனி. கவலையா இருக்கும்போது நமக்கே தெரியாம தோளும் தாடையும் கையும் இறுகிக் கிடக்கும். இறுகியிருக்குன்னு தெரிஞ்சாத்தானே விட முடியும்?

இதுல முக்கியமான பாதி எதுன்னு பாத்தீங்களா? விடுறது. சிஸ்டர் சொன்னதும் அதேதான்.

ஆனா நாம எப்படிப் பயன்படுத்துறோம்? எங்க வகுப்புல ஒருத்தன் பந்து மேல ஒரு சாரோட பட்டப்பேரை பேனாவால எழுதி வச்சிருக்கான். (எந்த சார்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க, எனக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கு.) இன்டர்னல் மார்க் கம்மியாப் போட்டா பந்தை எடுத்து நசுக்குவான். "கோவம் எல்லாம் போயிடுச்சுடா"ம்பான். அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் அதே கதையை ஆரம்பிப்பான். போகவே இல்ல.

இதுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு. பிராட் புஷ்மன்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் 2002-ல வெளியிட்டது. 600 கல்லூரி மாணவர்களை வச்சு செஞ்சார். அவங்க எழுதின கட்டுரையை மட்டம்னு திட்டி முதல்ல கோவப்படுத்தினாங்க. அப்புறம் ஒரு குழுவை, திட்டினவனை நெனச்சுக்கிட்டே குத்துச்சண்டை மூட்டையைக் குத்தச் சொன்னாங்க. இன்னொரு குழுவை, உடம்பு நல்லாகும்னு நெனச்சுக்கிட்டுக் குத்தச் சொன்னாங்க. மூணாவது குழு சும்மா உக்காந்திருந்துச்சு. கடைசியில யாருக்குக் கோவம் அதிகம்னு பாத்தா, திட்டினவனை நெனச்சுக் குத்தினவங்களுக்குத்தான். ஒண்ணுமே செய்யாம உக்காந்திருந்தவங்க நடந்துக்கிட்ட விதத்துல ஆத்திரம் கம்மியா இருந்துச்சு. அதாவது "கோவத்தைக் கொட்டித் தீர்த்துட்டா தீந்துடும்"ங்கிற நம்ம சித்தாந்தம் அங்க தோத்துப் போச்சு. பந்தும் மூட்டையும் ஒண்ணு இல்லதான். ஆனா சாரோட கழுத்தை நெனச்சுக்கிட்டு அமுக்குறவனுக்கு அதுல ஒரு பாடம் இருக்கு.

சரி, ஊரான் கதை போதும். என் கதைக்கு வர்றேன். இதை எழுதலாமா வேணாமான்னு மூணு நாள் யோசிச்சேன். எழுதிடுறேன்.

மூணாவது செமஸ்டர் ரிசல்ட் ஜனவரியில வந்துச்சு. காஸ்ட் அக்கவுண்டிங் போச்சு. பாஸுக்கு 6 மார்க் கம்மி. எங்கப்பா வத்தலக்குண்டுல டீக்கடை வச்சிருக்கார். இந்த வருஷ ஃபீஸுக்கு அம்மாவோட வளையல் அடகுக் கடையில இருக்கு. தினமும் ராத்திரி கடை கட்டுற நேரத்துல அப்பா போன் பண்ணுவார். "படிப்பெல்லாம் எப்படிப்பா போகுது?" "நல்லாப் போகுதுப்பா." "ரிசல்ட்டு?" "எல்லாம் பாஸ்ப்பா."

வாயில இருந்து வந்துடுச்சு. வந்ததுக்கப்புறம் அதைக் காப்பாத்தணும்ல? ரெண்டரை மாசம் காப்பாத்தினேன். அரியர் ஃபீஸை சாப்பாட்டுக் காசுல மிச்சம் பிடிச்சுக் கட்டினேன். வலது கையில போன், இடது கையில பந்து. எனக்கு அது வசதியாத்தான் இருந்துச்சு. அமுக்கும்போது குரல் நடுங்காது.

மார்ச்ல ஒரு நாள் என் ரூம்மேட் கேட்டான்: "டேய், உங்கப்பா போன் வந்தா மட்டும் எதுக்குடா அந்தப் பந்தைத் தேடுற?"

நான் அப்படி எல்லாம் இல்லைன்னு சண்டை போட்டேன். அப்புறம் வணிகவியல் படிக்கிறவன்ங்கிற ரோஷம் வந்து, கணக்கு எழுதியே பாத்துடுவோம்னு ஒரு நோட்டு போட்டேன். தேதி, நேரம், எதுக்காக அமுக்கினேன். சரியா ஒரு வாரம். நம்ம குறிப்பேட்டுப் பதிவு மாதிரியேதான். கடைசியில பேரேட்டுக்கு மாத்தி கூட்டிப் பாத்தேன். மொத்தம் 23 தடவை. பொழுது போகாம 6. படிக்க உக்காந்து ஏறாதப்போ 5. ரூம்மேட் குறட்டைக்காக 2. மீதி 10-ம் அப்பா போனுக்கு முன்னாடியோ, பேசும்போதோ, வச்ச உடனேயோ.

ஐந்தொகை டேலி ஆயிடுச்சு. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்தேன்.

அன்னைக்கு ராத்திரி அப்பா கூப்பிட்டப்போ பந்தை ரூம்மேட் கையில குடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. கிளாஸ் கழுவுற சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம்,

"எந்தப் பாடம்?"

"காஸ்ட் அக்கவுண்டிங்ப்பா."

"அப்டின்னா?"

"ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு அடக்கம் ஆகுதுன்னு கணக்குப் போடுறதுப்பா."

"அடக்க விலையா? டீக்கடைக்காரன் மகன் அடக்க விலையிலயா கோட்டை விட்ட?"

சிரிச்சாரா திட்டினாரான்னு இன்னும் எனக்குத் தெரியல. அடுத்த இருபது நிமிஷம் ஒரு டீக்கு என்ன அடக்கம்னு சொன்னார். பால், தூள், சீனி, கேஸ், மாஸ்டர் சம்பளம், கடை வாடகை. "மாசம் நாலு கிளாஸ் ஒடையும்ப்பா. என்ன பண்ணினாலும் ஒடையும். அந்தக் காசையும் மத்த டீ மேலதான் ஏத்தணும்"னார். சாதாரண நட்டம்! நான் பரிட்சையில தப்பா போட்டுட்டு வந்த கணக்கே அதுதான். பத்து வருஷமா அதைத் தினமும் போட்டுக்கிட்டு இருக்கிற ஒரு மனுசன்கிட்ட, நான் ரெண்டரை மாசமா "நல்லாப் போகுதுப்பா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

இதோட சுபம் போட்டு முடிச்சிடலாம், ஆனா உண்மை அப்படி இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனப்போ நல்லா வாங்கினேன். பெயில் ஆனதுக்கு இல்ல, பொய் சொன்னதுக்கு. அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசல. அரியர் ஏப்ரல்ல எழுதியாச்சு. ரிசல்ட் இன்னும் வரல. பாஸ் ஆவேனான்னு தெரியாது. ஆனா இப்ப போன் வந்தா பந்து தேட மாட்டேங்குறேன்.

அடக்க விலைங்கிற சொல்லை அன்னையிலிருந்து வேற மாதிரி பாக்குறேன். ஒரு விஷயத்தை உள்ளேயே அடக்கி வச்சிருந்தா அதுக்கும் ஒரு விலை இருக்கு. என் விலைப்பட்டியல்: ரெண்டரை மாசத் தூக்கம், மத்தியானச் சாப்பாடு, தினமும் ஒரு பொய், பக்கத்துலயே இருந்த ஒரு வாத்தியார். இதுல எதையும் பந்து குறைக்கல. சொல்லாம இருக்கிறதைத் தாங்குற அளவுக்கு வசதியாக்கிக் குடுத்துச்சு, அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான்: பந்து நல்லது, ஆனா அது எதுக்குப் பதிலா உங்க கையில இருக்குன்னு பாருங்க. பரிட்சை ஹாலுக்கு வெளியில பத்து நிமிஷம் படபடப்பா, தாராளமா அமுக்குங்க. ஊசி போடுற பயமா, அமுக்குங்க. ஆனா ஒரு ஆள்கிட்ட சொல்ல வேண்டிய வார்த்தைக்குப் பதிலா அமுக்கினா, அது மருந்து இல்ல, தவணை. வட்டி ஏறிக்கிட்டே இருக்கும்.

பந்தை நாமளா எடுக்கும்போதே இப்படின்னா, அடுத்தவங்க நம்ம கையில குடுக்கும்போது இன்னும் கொஞ்சம் யோசிக்கணும். எங்க பெரியப்பா மகன் சென்னையில ஒரு கம்பெனியில ராத்திரி ஷிப்ட் பாக்குறார். போன வருஷம் ஊழியர் நல வாரம்னு கொண்டாடி ஒவ்வொரு மேஜையிலயும் கம்பெனி சின்னம் போட்ட பந்து வச்சாங்களாம். அந்த மாசம்தான் அவர் டீம்ல ரெண்டு பேர் வேலையை விட்டாங்க. பதிலுக்கு ஆள் எடுக்கல. அவங்க வேலையும் இவர் தலையில. லீவு கேட்டா இப்போ முடியாதுன்னுட்டாங்க. கணக்குப் பாத்தா நியாயமாத்தான் தெரியும்: பந்து ஒரு தடவைச் செலவு, ஆள் மாசாமாசம் செலவு. பந்துல சின்னம் வேற போட்டிருக்கிறதால விளம்பரமும் ஆச்சு. ஆனா ராத்திரி மூணு மணிக்கு மூணு பேர் வேலையை ஒருத்தர் பாக்குறதோட அடக்க விலை எந்தப் பேரேட்டுலயும் வராது. அது அண்ணனோட உடம்புல ஏறும். பந்து குடுத்தது தப்புன்னு நான் சொல்லல. பந்தைக் குடுக்குறவங்க கையிலயே காரணத்தைக் குறைக்கிற அதிகாரமும் இருந்தா, பந்தை வாங்கிக்கிட்டு அதையும் கேக்கணும்னு சொல்றேன்.

இன்னொரு விஷயம். தமிழ்ல "மன அழுத்தம்"னு ஒரே வார்த்தையை நாம பரிட்சை டென்ஷனுக்கும் சொல்றோம், மாசக்கணக்குல எதுலயும் பிடிப்பில்லாம, சாப்பிட முடியாம, எழுந்திரிக்கவே பிடிக்காம கிடக்குற நோய்க்கும் சொல்றோம். ரெண்டும் வேற. இரண்டாவதுக்குப் பந்து குடுக்கிறது, கால் ஒடிஞ்சவனுக்கு தைலம் தடவுற மாதிரி. அதுக்கு ஆள் வேணும், மருத்துவர் வேணும். 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி மானஸ் இருக்கு, 14416-னு அடிச்சா காசில்லாம, எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம். பந்தை விட விலை கம்மி.

இப்ப நம்ம வகுப்பு ஆளுங்களுக்கு மட்டும். போன செமஸ்டர்ல யார் யாருக்கு அரியர், யார் யார் வீட்டுல சொல்லலைன்னு எனக்கு ஓரளவு தெரியும். பேர் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. எல்லா அப்பாவும் எங்கப்பா மாதிரி டீக்கணக்கு சொல்ல மாட்டாங்கன்னும் தெரியும். அடிக்கிற வீடு இருக்கு, "படிச்சது போதும், கல்யாணம் பண்ணி வச்சிடுறேன்"னு சொல்ற வீடும் இருக்கு. அங்க நேரா போய் சொல்லுன்னு நான் எப்படிச் சொல்றது? ஆனா ஒரு ஆள்கிட்டயாவது சொல்லுங்க. அக்காவோ, மாமாவோ, நம்ம வகுப்புல நம்பிக்கையான ஒரு மேடமோ. யாரும் இல்லைன்னா சாயங்காலம் ரூமுக்கு வாங்க. ஒரு வாரக் கணக்கு நோட்டைக் காட்டுறேன். நீங்களும் ஒண்ணு போட்டுப் பாருங்க, எப்ப எப்ப கை எதைத் தேடுதுன்னு. பந்து இல்லைன்னா செல்போனை எடுத்துத் தள்ளிக்கிட்டே இருக்கிறதை எழுதுங்க, நகம் கடிக்கிறதை எழுதுங்க. கணக்கு பொய் சொல்லாது.

கடைசியா, பந்து அமுக்குறவங்களுக்கு சிஸ்டர் சொன்னதுதான் நான் சொல்றதும். மெதுவா அமுக்கி, மூச்சை விடும்போது கையையும் முழுசா விடுங்க. யார் கழுத்தையும் நெனைக்காதீங்க.

காலேஜ் திறந்ததும் அடுத்த முகாம் வரும்னு பேசிக்கிறாங்க. ஆம்பளைங்க 90 நாளைக்கு ஒரு தடவை குடுக்கலாம், எனக்கு அது தாண்டி ரொம்ப நாளாச்சு. இந்தத் தடவை ஓடிக்காக இல்லாம போகலாம்னு இருக்கேன். போகும்போது இந்த மஞ்சள் பந்தையும் எடுத்துட்டுப் போய் சிஸ்டர்கிட்ட குடுத்துடணும். ஒரு கண்ணு அழிஞ்சு போச்சு, வாயும் பாதிதான் தெரியுது. வாங்கிப்பாங்களான்னு தெரியல.

பி.கு: ஜிஎஸ்டி அடுத்த வாரம். சத்தியமா.